வாடகைப்படியும் மூன்று வாசற்படியும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர் நிச்சயம் சொந்த ஊரிலேயே உத்தியோகம் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். ஒரே ஒரு தடவை பட்டணத்துக்கு மாற்றல் ஆகியிருந்தால் மூன்றாவதாக ஒன்றும் சேர்த்திருப்பார்: பிரும்மச்சாரியாகப் போய் வாடகைக்கு வீடு பிடித்துப் பார்!

கும்பகோணத்திலோ தென்காசியிலோ அப்பா கட்டிய வீட்டில் வாடகை இல்லாமல் தூங்கி, அம்மா கையால் பில் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கு ஒரு நாள் ஆர்டர் வருகிறது. சென்னை. அல்லது பெங்களூர். அல்லது மும்பை. தெருவே வாழ்த்துகிறது. "பையன் பெரிய இடத்துக்குப் போறான்" என்கிறார் மாமா. பெரிய இடம்தான், சந்தேகமில்லை. பத்துக்குப் பத்து இடத்துக்கே பெரிய விலை!

தம்பி கலங்கவில்லை. சம்பளத்தில்தான் எச்.ஆர்.ஏ. இருக்கிறதே! அதாவது வீட்டு வாடகைப்படி. பே ஸ்லிப்பில் பேசிக்குக்கு அடுத்த வரியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு, 'வாடகையை ஆபீஸே கொடுத்துவிடுகிறது, நமக்கென்ன' என்று பெட்டியைக் கட்டுகிறான்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். இந்த வாடகைப்படியின் பலன் முழுதாகக் கைக்கு வர மூன்று வாசற்படி ஏறியாகவேண்டும். முதல் படி ஆபீஸ். இரண்டாவது ஹவுஸ் ஓனர் வீடு. மூன்றாவது வருமானவரி. நம்மவர்கள் என்ன பண்ணுகிறார்கள் என்றால், தலைகீழாக ஏறுகிறார்கள். ஜனவரி மாதம் அக்கவுண்ட்ஸிலிருந்து 'வாடகை ரசீது எங்கே?' என்று மெயில் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து, மூன்றாவது படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் முதல் இரண்டு வாசலிலும் கதவைச் சாத்தி, கோலமும் போட்டிருப்பார்கள்.

முதல் படி: ஆபீஸ்

ஒரு சர்க்கார் ஆசாமியையும் ஒரு பிரைவேட் ஆசாமியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

மத்திய அரசில் வாடகைப்படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், புனே, அகமதாபாத் எட்டும் எக்ஸ். கோவை, மதுரை மாதிரி ஊர்கள் ஒய். கும்பகோணம் இசட். (டிகிரி காப்பிக்குத் தனி மார்க் கிடையாது.) அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும், 2024 ஜனவரியிலிருந்து எக்ஸுக்கு பேசிக்கில் 30 சதவீதம், ஒய்க்கு 20, இசட்டுக்கு 10 என்று ஆயிற்று.

பேசிக் 25,500 ரூபாய் வாங்கும் மத்திய அரசு குமாஸ்தா கும்பகோணத்தில் இருந்தால் வாடகைப்படி 2,550. அவரையே சென்னைக்கு மாற்றினால் 7,650. ஊர் மாறினதும் யாரும் கேட்காமலே மாதம் 5,100 ரூபாய் கூடுகிறது. நிர்வாக நிமித்தம் வேறு ஊருக்கு மாற்றினால், மூட்டை கட்டுகிற செலவுக்குக் கடைசி மாத பேசிக்கில் 80 சதவீதம் வரை தனியாக ஒரு தொகையும் உண்டு. இவர் விஷயத்தில் அது 20,400. 'எனக்குச் சென்னை வேணும்' என்று தானே எழுதிக் கேட்டு வாங்கின மாற்றலுக்கு அது கிடையாது. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும். (நான் சொல்வது வீட்டை.)

இப்போது பிரைவேட் ஆசாமி. மாதச் சம்பளம் 60,000. பேசிக் 30,000, எச்.ஆர்.ஏ. 15,000, மற்றதெல்லாம் சேர்த்து 15,000. இவரை மதுரையிலிருந்து பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் முதல் மாத பே ஸ்லிப்பைப் பார்க்கிறார். பேசிக் 30,000. எச்.ஆர்.ஏ. 15,000. மற்றது 15,000. ஊர் மாறிற்று, பாஷை மாறிற்று, சாம்பாரில் வெல்லம்கூட வந்துவிட்டது. பே ஸ்லிப் மட்டும் மதுரையிலேயே இருக்கிறது!

காரணம் எளிது. பல பிரைவேட் கம்பெனிகளில் எச்.ஆர்.ஏ. என்பது வாடகையைப் பார்த்துக் கொடுக்கிற பணமே இல்லை. சி.டி.சி. என்று ஒரு முழு லட்டு. அதைப் பிட்டு ஒரு துண்டுக்கு பேசிக் என்றும் இன்னொரு துண்டுக்கு எச்.ஆர்.ஏ. என்றும் பெயர் வைக்கிறார்கள். துண்டுக்கு என்ன பெயர் வைத்தாலும் லட்டின் எடை கூடாது. கூடவேண்டுமானால் கேட்கவேண்டும். எப்போது? ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். அங்கே போய் மூன்று மாதம் கஷ்டப்பட்டுவிட்டு அப்புறம் கேட்டால், 'சமாளிச்சிட்டீங்களே பாஸ், அப்புறம் என்ன?' என்பார் எச்.ஆர். மேனேஜர்.

என்ன கேட்பது? நாலு சமாச்சாரம்.

ஒன்று, புது ஊரின் விலைவாசிக்குத் தக்க சம்பள உயர்வு உண்டா என்று நேராகவே கேட்பது. இரண்டு, சாமான் கொண்டுபோகிற செலவு. மூன்று, வீடு கிடைக்கிற வரைக்கும் தங்க இடம். நாலு, வீட்டு அட்வான்ஸ் கொடுக்க வட்டியில்லாத சம்பள முன்பணம், தவணையில் பிடித்துக்கொள்கிற மாதிரி.

இரண்டாவதையும் மூன்றாவதையும் கம்பெனி தருவதில் இன்னொரு லாபம். மாற்றலுக்காக நிஜமாகவே செய்த பயணச் செலவும் சாமான் செலவும், மாற்றலாகிப் போகிறவர் ஹோட்டலில் தங்கும் முதல் 15 நாளும் வரிக்கு உட்படாது என்பது 1962ஆம் வருடத்து வருமானவரி விதிகளிலேயே இருக்கிறது. அதே பணத்தை 'ஜாயினிங் போனஸ்' என்று கொடுத்தால் முழுக்கச் சம்பளக் கணக்கில் ஏறிவிடும். கொடுக்கிறது ஒரே கை, ஒரே காசு. பெயரில்தான் விஷயம்.

நாலாவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். பெங்களூரில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்குகிறவர்களும் உண்டு. 18,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 1,80,000. நம்ம ஆசாமியின் மூன்று மாத முழுச் சம்பளம். இன்னொரு மாதிரி பார்த்தால், மாதம் 15,000 வீதம் ஒரு வருஷத்து எச்.ஆர்.ஏ. முழுக்க ஹவுஸ் ஓனர் பீரோவில் போய்த் தூங்குகிறது. அதையும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் மாதம் 1,800 வட்டி. ஆக வாடகை 18,000 இல்லை சார், 19,800. இந்த 1,800 எந்த ரசீதிலும் வராது, எந்த வரிக் கணக்கிலும் கழியாது. ஊருக்கு அனுப்புகிற பணத்தில்தான் குறையும்.

இரண்டாம் படி: ஹவுஸ் ஓனர்

டு-லெட் போர்டைப் பார்த்து மணியடித்ததும் நடக்கிற இன்டர்வியூ உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இல்லை சார்."

"ராத்திரி லேட்டா வருவீங்களா?"

"இல்லை சார்."

"தண்ணி, சிகரெட் உண்டா?"

"இல்லை சார்."

"ஃப்ரெண்ட்ஸ் வந்து கும்மாளம் போடுவாங்களா?"

"ஃப்ரெண்ட்ஸே இல்லை சார்."

எல்லா 'இல்லை'யும் சொல்லி முடித்து, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்து, சாவியும் வாங்கின பிறகு தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்.

"மாசாமாசம் வாடகை ரசீது கொடுப்பீங்களா சார்?"

இப்போது அவர் முறை. "இல்லை தம்பி!"

சாவி வாங்கின பிறகு கேட்டால் இந்தப் பதில்தான் வரும். அட்வான்ஸ் உங்கள் பாக்கெட்டில் இருக்கிற வரைக்கும்தான் நீங்கள் மாப்பிள்ளை. கைமாறிவிட்டால் பெண்வீட்டுக்காரர். ஆகையால் ரசீது, அக்ரிமென்ட், பான் நம்பர் மூன்றையும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன் பேசிவிடவேண்டும். வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வாடகை, அதாவது மாதம் 8,333 ரூபாயைத் தாண்டினால், எச்.ஆர்.ஏ.வுக்கு வரிவிலக்குக் கேட்க வீட்டுக்காரரின் பான் நம்பர் தேவைப்படும்.

பான் என்றதும் பெரியவர் முகம் ஏன் கறுக்கிறது? வரி பயம். அந்தப் பயத்தைப் போக்க ஒரு கணக்குக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 18,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 2,16,000. இதில் 30 சதவீதத்தை, ரிப்பேர் செலவுக்கு என்று பில் எதுவும் கேட்காமலே சட்டம் கழித்துவிடுகிறது. மிச்சம் 1,51,200தான் அவர் வருமானத்தில் சேரும். அதோடு, 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குச் சாதாரண வருமானத்துக்கு வரியே இல்லை. பென்ஷனும் கொஞ்சம் பாங்க் வட்டியும் மாடி வாடகையுமாகக் காலம் தள்ளுகிற ரிடையர்ட் பெரியவர் அநேகமாக இதற்குள்ளேயே அடங்கிவிடுவார். கணக்குத் தாக்கல் செய்தால் போதும். அவர் பயப்படுவது பழைய பூச்சாண்டிக்கு. இதைப் பணிவாக, ஒரு காப்பி குடித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். மாடி ஏறி வந்து ரசீது கொடுத்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

அப்படியும் மசியவில்லை என்றால்? தமிழ்நாட்டில் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை என்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும் என்கிறது. 'வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய' என்கிற வார்த்தைகளைக் கவனியுங்கள். அக்ரிமென்டில் பத்து மாதம் என்று எழுதியிருக்க, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுவும் ஒப்புக்கொண்டதுதான்.

மும்பை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். (லீவு என்றதும் சந்தோஷப்படவேண்டாம்.) மற்ற ஊர்களில் பதினோரு மாதம் என்றால் பதிவு செய்யாமல் விடுகிற பழக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தில் அப்படி விட முடியாது. 1999ஆம் வருடத்து வாடகைச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு செய்துவைக்கவேண்டிய பொறுப்பும் வீட்டுக்காரருடையது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளும் பி.ஜி.வாசிகளும் 'எங்களுக்கெல்லாம் உண்டா?' என்று கேட்கலாம். உண்டு. ரூமுக்குக் கொடுப்பதும் வாடகைதான். ஆனால் சாப்பாட்டுக் காசு வாடகை ஆகாது. இட்லிக்கு எச்.ஆர்.ஏ. கிடையாது! இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதாமல் ரூமுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் அக்ரிமென்டில் மூன்று பெயரும் இருக்கட்டும். அவரவர் பங்கை அவரவரே வீட்டுக்காரர் கணக்கில் போட்டு, அவரவர் பெயரில் ரசீது வாங்கட்டும். ஒருத்தன் பெயரில் மட்டும் எல்லாம் இருந்தால், அவன் கல்யாணம் ஆகிப் போகும்போது அட்வான்ஸும் தாலி கட்டிக்கொண்டு கூடவே போய்விடும்.

வாடகையை பாங்க் மூலமாகவோ ஜி-பேயிலோ கொடுத்தால் தனக்குத்தானே சாட்சி. ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வாங்குங்கள்.

மூன்றாம் படி: வருமானவரி

இந்தப் படியில் முதல் கேள்வி, 'நான் ஏறவேண்டுமா?' என்பதுதான். ஏனென்றால் வரிமுறை இரண்டு. எச்.ஆர்.ஏ.வுக்கு வரிவிலக்கு பழைய முறையில் மட்டும். புதிய முறையில் இல்லை. 2023-24லிருந்து நீங்கள் வாயே திறக்காவிட்டால் உங்களைச் சேர்ப்பது புதிய முறையில்.

நம்ம 60,000 ரூபாய் ஆசாமிக்கு வருஷத்துக்கு 7,20,000. 2025-26லிருந்து புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக, 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரி பூஜ்யம். அதாவது இவர் ஒரு ரசீதும் கொடுக்கவேண்டாம், ஒரு பைசா வரியும் கட்டவேண்டாம். ஜனவரி மாதம் ஸ்டேஷனரி கடையில் ரசீதுப் புத்தகம் வாங்கி, இடது கையால் வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுப் பழகுகிற கலைக்கு இனி அவசியமே இல்லை. அது எப்போதுமே ஆபத்தான கலைதான். பொய்க் கணக்கு என்று பிடிபட்டால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

இதைவிட ஜாஸ்தி சம்பளம், பெரிய வாடகை, ஊரில் வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், பி.எஃப். என்று இருப்பவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பழைய முறைதான் லாபம் என்றால் கணக்கு இப்படி: கைக்கு வருகிற எச்.ஆர்.ஏ. ஒன்று. வாடகையிலிருந்து பேசிக், டி.ஏ.வில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது இரண்டு. பெரிய நகரமானால் பேசிக், டி.ஏ.வில் 50 சதவீதம், மற்ற ஊரானால் 40 சதவீதம் மூன்று. இந்த மூன்றில் எது குறைச்சலோ, அதற்கு வரி இல்லை.

பேசிக் 30,000, எச்.ஆர்.ஏ. 15,000, வாடகை 18,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மூன்று கணக்கும் 15,000 என்றே வருகிறது. முழு எச்.ஆர்.ஏ.வுக்கும் விலக்கு. அதே ஆசாமி, அதே வாடகை, பெங்களூரில்? 2025-26 நிதியாண்டு முடிய 50 சதவீதப் பட்டியலில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நாலுதான். ஆகவே பெங்களூரில் 40 சதவீதம், 12,000 மட்டும். மாதம் 3,000 வரிக்குள் வந்தது. சம்பளம் கொடுக்கிறபோது பெங்களூர் எக்ஸ் நகரம். வரி போடுகிறபோது 'மற்ற ஊர்'! 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை 2025ஆம் வருடத்துப் புதுச் சட்டத்தின்படி. ஆகவே படிவம் நிரப்புகிற வருஷத்தின் விதியில் உங்கள் ஊருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய முறைக்காரர்களுக்கு இன்னும் மூன்று துணுக்கு. ஊரில் சொந்த வீடு இருந்தாலும், அதற்குக் கடன் வட்டி கட்டினாலும், வேலை பார்க்கிற ஊரில் வாடகை கொடுத்தால் இரண்டுக்கும் சலுகை கேட்கலாம். சம்பளத்தில் எச்.ஆர்.ஏ.வே இல்லாதவர்களுக்கும் 80ஜிஜி என்று ஒரு பிரிவு இருந்துவந்திருக்கிறது, மாதம் 5,000 ரூபாய்க்கு மிகாமல். ஜனவரியில் அக்கவுண்ட்ஸில் ரசீது கொடுக்கத் தவறினாலும் குடிமுழுகிவிடாது. கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது கேட்டால், அதிகம் பிடித்த வரி திரும்பி வரும்.

'எனக்குத்தான் வரியே இல்லையே, அப்புறம் ரசீதும் அக்ரிமென்டும் எதற்கு?' என்று 60,000 ரூபாய் ஆசாமி கேட்பார். நல்ல கேள்வி. வரிக்கு வேண்டாம் சார், அட்வான்ஸுக்கு வேண்டும். காலி செய்கிற அன்றைக்கு, பெயின்டிங்குக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, சுவரில் ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று 1,80,000 ரூபாய் கரைய ஆரம்பிக்கும்போது, உங்கள் பக்கம் நின்று பேசப்போவது அந்தக் காகிதம் ஒன்றுதான். எச்.ஆர்.ஏ. கணக்கில் ரொம்பப் பேர் இழப்பது வரிச் சலுகையை அல்ல, இந்த அட்வான்ஸைத்தான். அதற்குப் பிரிவும் கிடையாது, படிவமும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது.

ஆகவே மாற்றல் ஆர்டர் வந்ததும் ஸ்வீட் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள், வழியில் ஒரு முழுநீள வெள்ளைத்தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். மேல் பாதியில் ஆபீஸில் கேட்கவேண்டியது. கீழ்ப் பாதியில் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டியது. வருமானவரிக்குப் பின்பக்கம் போதும். இரண்டையும் கேட்டு முடித்த பிறகு ஸ்வீட்டைப் பிரியுங்கள். முதல் துண்டு ஹவுஸ் ஓனருக்கு. சர்க்கரை இருக்கிறதா என்று அவரை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்!